புதிய ரம்ப மேசைக்கு முதலில் மெழுகு

பெயர்ப்பலகையோ சாமி மாடமோ செய்ய ஸ்க்ரோல் ரம்பம் வாங்கியவர்கள், பெட்டியைப் பிரித்ததும் அறுக்கத் தொடங்க வேண்டாம். மேசை வார்ப்பிரும்பாக இருந்தால் நம் ஊர் ஈரக்காற்றும் கை வியர்வையும் போதும், சில நாள்களிலேயே துருப்பிடிக்கும். அந்தக் கறை பலகையிலும் ஏறும், நான் பட்டிருக்கிறேன்.

பிளக்கைக் கழற்றி, ரம்ப அலகையும் எடுத்துவிடுங்கள். தொழிற்சாலையில் பூசிய எண்ணெயை டர்பென்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. நன்றாகக் காய்ந்ததும் மரச்சாமான்களுக்குப் பூசும் டின் மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, அது மங்கியபின் சுத்தமான துணியால் பளபளக்கத் துடையுங்கள். கார் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அதில் சிலிக்கான் இருந்தால் பலகையில் ஒட்டி, பிறகு அடிக்கும் வார்னிஷ் குழி குழியாகிவிடும்.

அலுமினிய மேசை இப்படித் துருப்பிடிக்காது. ஆனாலும் மெழுகு பூசினால், வளைவுகளில் பலகை சிக்காமல் திரும்பும். பலகை இழுபட ஆரம்பித்தால் மறுபடி பூசுங்கள்.