புதுமையும் வாசகர் எதிர்பார்ப்பும்: ஈழத்து நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

புனைகதையாசிரியன் எவனும் வெறுமையிலிருந்து எழுதத் தொடங்குவதில்லை. அவன் எழுதுமுன்னரே, கதையென்பது எவ்வாறிருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வாசகரிடத்து உருவாகியிருக்கின்றது. அதற்கு முற்றாகப் பணியும் எழுத்து விற்பனைப் பண்டமாகிவிடும். முற்றாகப் புறக்கணிக்கும் எழுத்து வாசகரைச் சென்றடையாது. இவ்விரண்டுக்குமிடையே இணக்கம் எவ்வாறு ஏற்படுகின்றது என்பதை ஈழத்து நாவல் வரலாறு கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகப் பொதுவாகக் கொள்ளப்படும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885ஆம் ஆண்டு வெளிவந்தது. நாவல் என்னும் வடிவம் அன்று தமிழுக்குப் புதிது. ஆயின் கதையோ, கெய்ரோவிற் பிறந்த குழந்தையொன்று கடத்தப்பட்டுப் பம்பாயில் வளர்வதைப் பற்றியது. பிரிவும் இடருமாகச் செல்லும் இத்தகைய கதையோட்டம், செவிவழிக் கதைகளிலே திளைத்த வாசகருக்கு அந்நியமானதன்று. புதிய வடிவத்தைப் பழகிய கதைப்பாங்கு தாங்கி நின்றது எனலாம்.

1960களில் இந்நிலை தலைகீழாயிற்று. நாவல், சிறுகதை ஆகிய வடிவங்கள் பழகிவிட்டன. பொருளும் மொழியுமே புதியனவாயின. உழைக்கும் மக்களினதும் ஒடுக்கப்பட்ட சாதியினரதும் பேச்சு, உரையாடல்களில் இடம்பெற்றபோது, மரபுவாதிகள் அதனை 'இழிசனர் வழக்கு' எனக் கண்டித்தனர். இவ்விவாதம் இலக்கணம் பற்றியது மட்டுமன்று. வாசகர் எதிர்பார்ப்பு எனப் பொதுமைப்படுத்திக் கூறப்பட்டது, உண்மையில் கற்றோர் குழாமொன்றின் எதிர்பார்ப்பேயாகும். தம்மையொத்த மாந்தரைக் கதைகளிற் காணாதவர்களுக்கு வேறோர் எதிர்பார்ப்பு இருந்தது. தம் வாழ்வு மெய்யாகப் பதிவுபெறவேண்டும் என்பதே அது.

1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' அவ்வெதிர்பார்ப்பை நிறைவுசெய்தது. யாழ்ப்பாணத்துத் தீண்டாமைக்கு எதிரான போராட்டங்களைப் பொருளாகக் கொண்ட அந்நாவலில், மாந்தர் தம் வழக்கிலேயே பேசுகின்றனர். ஆசிரியர் கூற்றோ பெரிதும் எழுத்து வழக்கைத் தழுவியது. அறியாத வாழ்வினுள் நுழையும் வாசகன் ஊன்றிக்கொள்ளப் பழகிய தளமொன்று இவ்வாறு கிடைக்கின்றது.

இவ்விடத்து நம்மை நாமே விமர்சிப்பதும் அவசியமாகும். முற்போக்கு எழுத்தும் காலப்போக்கில் தனக்கென வாய்பாடொன்றை ஆக்கிக்கொண்டது. கொடிய முதலாளி, விழிப்படையும் தொழிலாளி, விடியலுடன் முடியும் வேலைநிறுத்தம் என்பன முதற்பக்கத்திலேயே ஊகிக்கத்தக்கனவாயின. அநீதியைக் கண்டு சினங்கொள்ளவேண்டிய வாசகன், தான் எதிர்பார்த்த முடிவைக் கண்டு அமைதியுற்றான். மரபை எதிர்த்துப் பிறந்த எழுத்துத் தானே மரபாக இறுகியமை மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, வாசகர் எதிர்பார்ப்பு ஒருபடித்தானதன்று. பழகிய சுகத்தை நாடும் எதிர்பார்ப்பு ஒன்று. வாழ்வின் உண்மையை நாடும் எதிர்பார்ப்பு மற்றொன்று. முன்னதைத் தேவைக்கேற்ப மீறலாம். பின்னதை மீறும் உரிமை எழுத்தாளனுக்கில்லை. வடிவம், பொருள், மொழி அனைத்தையும் ஒருங்கே புதிதாக்குவதாற் புதுமை பிறந்துவிடாது. எவருடைய எதிர்பார்ப்பை, எதன்பொருட்டு மீறுகின்றோம் என்னும் தெளிவே அதற்கு அடிப்படையாகும்.