கீமோவுக்கு நடுவே யோகா: எது பலன், எது ஏமாற்று?

கடலூர் மாவட்டம் காடாம்புலியூர்ப் பக்கத்தில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பலரும் புதுச்சேரி ஜிப்மருக்கு பஸ் ஏறுகிறார்கள். ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) என்று மாதக்கணக்கில் அலைச்சல். பதற்றத்தில் ராத்திரியெல்லாம் தூங்காமல் புரள்வதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. “தைரியமா இரு” என்றதோடு வீட்டாரின் கடமை முடிந்துவிடுகிறது.

இங்கேதான் யோகா கைகொடுக்கும். பெங்களூரு எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையோடு யோகாவும் செய்த பெண்களுக்கு, ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடப் பதற்றம் குறைந்தது. கடைசிக் கணக்கில் வந்தது 38 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும் யோகாவைப் பரிந்துரைத்தன.

பதற்றத்துக்குத்தான் பரிந்துரை, கட்டிக்கு அல்ல. மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2018-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. யோகா வகுப்போடு லேகியமும் விற்று, “புற்று கரையும்” என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் உண்டு. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தையோ மந்திரிப்பையோ விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. விளம்பரம் குறித்துப் போலீசில் புகார் செய்யலாம். கொடுத்த பணத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

யோகாவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். உடல் பாரத்தை அந்தக் கையில் தாங்கும் ஆசனங்களை எடுத்த எடுப்பில் செய்யக் கூடாது. எலும்புக்கு நோய் பரவியிருந்தால் முறுக்குவதும் ஆழமாகக் குனிவதும் வேண்டாம். ரத்த அணுக்கள் குறைந்த நாட்களில் கூட்டமான வகுப்பைவிட வீட்டில் படுத்தபடி மெதுவாக மூச்சு விடுவதே நல்லது. நம்மூர்ப் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு: முந்திரி உடைப்பு. ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அந்தப் புண்ணில் கிருமி புகுந்தால் கை வீக்கம் வரலாம், இருக்கும் வீக்கமும் கூடலாம். வேலைக்குத் திரும்புமுன் டாக்டரிடம் தொழிலைச் சொல்லிவிடுங்கள். கையுறை இல்லாமல் முந்திரி உடைக்க உட்கார வேண்டாம்.

அழுகை நிற்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற நிலைக்கு யோகா போதாது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. காசில்லை, தமிழிலேயே பேசலாம். மனநல சிகிச்சை பெறுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. அடுத்த கீமோவுக்குப் போகும்போது, “எந்த ஆசனம் எனக்கு ஆகாது? மனநல டாக்டரை இங்கேயே பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள்.