நாணயமும் கடன் அட்டையும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். கையிற் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. இரண்டாவது நாணயம் உடையவனுக்கு முதலாவது நாணயம் வேண்டியபொழுது கடனாகக் கிடைக்கும். இவ்வுண்மையைத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களின் மளிகைக் கடைகள் நெடுங்காலம் உணர்த்தி வந்தன. மாதச் சம்பளக்காரர் அரிசியும் பருப்பும் வாங்கிச் செல்வார். கடைக்காரர் அவற்றின் விலையைப் பற்று நோட்டில் குறித்துக்கொள்வார். சம்பளம் வந்ததும் பாக்கியைத் தீர்ப்பவருக்கு அடுத்த மாதமும் பொருள் கிடைக்கும். தீர்க்காதவரைக் கண்டால் கடைக்காரரின் முகமே மாறிவிடும்.

ஊர் வளர்ந்தது. 1984-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஏற்றுமதிக்கெனத் தொழில் மண்டலம் ஒன்று அமைந்தது. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறிய மக்கள் அனைவரையும் முகமறிந்து கடன் கொடுத்தல் வங்கிகளுக்கு இயலாது. ஆகவே, எல்லார்க்கும் பொதுவான பற்று நோட்டு ஒன்று தேவையாயிற்று. அதனை எழுதி வருவனவே கடன் தகவல் நிறுவனங்கள். இந்தியாவில் இவற்றுள் முதலாவதாகிய சிபில், 2000-ஆம் ஆண்டில் மும்பையில் நிறுவப்பெற்றது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிறுவனங்களின் கடமைகளை வரையறுத்தது. இன்று இத்தகைய நிறுவனங்கள் நான்கு உள்ளன. வங்கிகள் அனுப்பும் கணக்குகளைக் கொண்டு, கடன் பெற்ற ஒவ்வொருவர்க்கும் இவை 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன.

தவணை தவறாது செலுத்துதலே மதிப்பெண்ணுக்கு முதற்காரணமாகும். கணக்கு எத்தனை ஆண்டுப் பழமை உடையது, புதுக்கடன் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பனவும் நோக்கப்படும். இவற்றோடு சிறப்பாகக் கருதத்தக்கது, கடன் அட்டையில் அளிக்கப்பட்ட வரம்பில் எவ்வளவு பங்கு பயன்படுத்தப்பட்டது என்பது. இப்பங்கு நூற்றுக்கு 30-ஐத் தாண்டாதிருத்தல் நன்று என்பர்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தாம்பரத்தில் பணிபுரியும் ஒருவரிடம் மூன்று கடன் அட்டைகள் இருப்பதாகக் கொள்க. அவற்றின் வரம்புகள் முறையே 1,00,000, 60,000, 40,000 ரூபாய். மொத்தம் 2,00,000 ரூபாய். பின்னிரண்டு அட்டைகளில் மட்டும் 40,000 ரூபாய் நிலுவை உள்ளது. அஃதாவது, நூற்றுக்கு 20 பங்கே அவர் பயன்படுத்தியுள்ளார். அவர் சேலையூரில் ஒரு வீடு வாங்க விரும்புகிறார். ‘வீட்டுக்கடன் கேட்குமுன் வீண் அட்டையை ஒழிப்போம்’ என்று எண்ணி, பயன்படுத்தாதிருந்த முதல் அட்டையை மூடிவிடுகிறார். எண்ணம் நல்லதே, விளைவு வேறு. மொத்த வரம்பு 1,00,000 ஆகச் சுருங்கியது. நிலுவையோ அதே 40,000. பங்கு நூற்றுக்கு 40 ஆயிற்று. செலவு கூடவில்லை, கடனும் கூடவில்லை, வகுக்கும் எண் குறைந்தமையால் ஈவு பெருகிற்று. அதனால் அவர் மதிப்பெண் குறையக்கூடும்.

மதிப்பெண் குறைந்தால் வரும் இழப்பு யாது? வங்கிகள் பல, மதிப்பெண் குறைந்தவரிடம் மிகுந்த வட்டி கேட்கின்றன. 30 இலட்சம் ரூபாயை இருபது ஆண்டுகளில் திருப்பித் தருவதாயின், ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டரை வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய். வட்டி ஒன்பதானால் தவணை 26,992 ரூபாய். இருபது ஆண்டுகளில் இவ்வேறுபாடு 2,29,000 ரூபாய்க்கு மேலாகும். ஒரு குடும்பத்தில் பிள்ளையின் கல்விக்கு உதவக்கூடிய பொருள், இவ்வாறு வட்டியாகக் கழியும்.

அங்ஙனமாயின் அட்டைகளை ஒருபோதும் மூடலாகாதோ? அவ்வாறன்று. ஆண்டுக் கட்டணம் வாங்கிப் பயன் தராத அட்டையையும், வீண்செலவுக்குத் தூண்டும் அட்டையையும் மூடுதலே அறிவுடைமை. ஆயினும் முறை அறிந்து செய்தல் வேண்டும். முதலில் எல்லா அட்டைகளின் நிலுவையையும் தீர்த்தல் வேண்டும். நிலுவை இல்லாதவனுக்கு வரம்பு சுருங்குவதால் இப்பங்கு கூடுவதில்லை. கூடுமாயின், மிகப் பழைய கணக்கை நிறுத்திப் புதியதை மூடுதல் நலம். பெருங்கடன் கேட்கவிருக்கும் காலத்தில் மூடாது, கடன் பெற்றபின் மூடுதல் அதனினும் நலம். பாக்கி யாவும் தீர்த்தவர் வேண்டினால், ஏழு வேலை நாட்களுக்குள் அட்டையை மூடித்தரவேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

தம் பெயரில் எழுதப்பட்டுள்ள கணக்கு சரியானதா என்று பார்த்தலும் ஒவ்வொருவர் கடமையாகும். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றி முழு அறிக்கை பெறலாம். மூடிய அட்டை திறந்திருப்பதாகக் காட்டப்பட்டால், உடனே முறையிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

வரம்பு குறைந்ததால் தாழ்ந்த மதிப்பெண், நிலுவை தீரத்தீர மீண்டும் உயரும். தவணை தவறியதால் விழுந்த வடுவோ ஆண்டுக்கணக்கில் நிற்கும். மளிகைக் கடை நோட்டாயினும், மும்பையிலுள்ள நிறுவனத்தின் ஏடாயினும், அதில் நற்பெயர் எழுதுவது கடனாளியின் கையே. வாங்கும்போது அளவும், கொடுக்கும்போது காலமும் தவறாதவனே நாணயம் உடையவன் ஆவான்.