உப்பு மாவில் ஒரு யானை

பிள்ளை பிசைந்து விளையாடக் கடையில் விற்கும் வண்ண மாவைத்தான் வாங்க வேண்டுமா? வேண்டாம். மைதா, உப்பு, தண்ணீர் போதும்.

அளவு என்ன? இரண்டு டம்ளர் மைதாவுக்கு ஒரு டம்ளர் தூள் உப்பு. தண்ணீரை முக்கால் டம்ளரில் தொடங்கி, தேவைக்கு மேலும் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக, கையில் ஒட்டாமல் வர வேண்டும். பிசைந்ததும் கால் மணி நேரம் மூடி வையுங்கள். கல் உப்புதான் இருக்கிறதென்றால் மிக்ஸியில் பொடித்துச் சேருங்கள்; இல்லாவிட்டால் மாவு நறநறக்கும்.

பிசைவதைப் பிள்ளையிடமே விடலாமா? தாராளமாக. தண்ணீர்ச் செம்பு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். விரலில் கீறல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம், எரியும்.

இவ்வளவு உப்பு எதற்கு? மாவு புளிக்காமலும் பூஞ்சை பிடிக்காமலும் காப்பது அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும்.

வாயில் போட்டுவிட்டால்? நுனி நாக்கில் பட்டால் பயமில்லை. கரிப்பு தாங்காமல் பிள்ளையே துப்பிவிடும். ஆனால் உருண்டையாக விழுங்கினால் ஆபத்து. சிறு உடம்பில் உப்பு திடீரென்று ஏறினால் மூளையைக்கூடப் பாதிக்கும். நிறைய விழுங்கியது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வாந்தி, கடும் தாகம், சோர்வு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எதையும் வாயில் வைக்கும் வயதில் இந்த விளையாட்டே வேண்டாம். மூன்று வயதுக்கு மேல், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக் கூடாது. பச்சை மாவில் கிருமி இருக்கலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

கோதுமை ஒவ்வாத பிள்ளையா? மைதாவும் கோதுமையே, தொடவும் வேண்டாம். ஒரு டம்ளர் அரிசி மாவு, அரை டம்ளர் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய் எடுத்து, கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கொழுக்கட்டை மாவுபோல் நீங்களே கிளறி, ஆறியபின் கொடுங்கள். இதில் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) கிடையாது. அதனால் நீட்டினால் பிய்யும். உருண்டை, தட்டை உருவங்களே சரிப்படும்.

என்ன செய்யலாம்? முதல் நாளே யானை கேட்பார்கள். அதன் வயிறுதான் சிக்கல். கனமான உருண்டை வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று வெடிக்கும். காகிதத்தைக் கசக்கி உருட்டி, அதன்மேல் மாவைப் போர்த்துங்கள். காலையும் தும்பிக்கையையும் ஒட்டும் முன் இரு பக்கமும் பல்குச்சியால் கீறி, தண்ணீர் தொட்டு அழுத்துங்கள். முறுக்கு அச்சில் பிழிந்தால் வால் கிடைக்கும்; அச்சை உடனே கழுவிவிடுங்கள், உப்பு உலோகத்தை அரிக்கும். யானை பன்றிபோல் வந்தாலும் நீங்கள் திருத்த வேண்டாம். பெரியவர்கள் கை வைத்த பொம்மையைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதில்லை.

எப்படிக் காய வைப்பது? முதல் நாள் காற்றோட்டமான நிழலில். பிறகு வெயிலில், அவ்வப்போது திருப்பிப் போட்டு. எடுத்ததுமே உச்சி வெயிலில் வைத்தால் வெடிக்கும். மழைக்காலத்தில் ஓவன் இருந்தால் 100 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம். மைக்ரோவேவ் வேண்டாம், உப்பிவிடும்.

மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் நிறத்துக்கு ஆகாதா? விளையாடிக் கலைக்கிற மாவுக்கு அருமை. வைத்துக்கொள்ளும் பொம்மைக்கு உதவாது. வெளிச்சத்தில் இரண்டுமே வெளிறிவிடும். நன்றாகக் காய்ந்தபின் போஸ்டர் கலர் தீட்டுங்கள். மேலே வார்னிஷ் பூசினால் நல்லது. பிள்ளை அங்கே இல்லாதபோது நீங்கள் பூசுங்கள். பூசாவிட்டால் ஈரக் காற்றை உப்பு இழுத்து, ஐப்பசி வந்ததும் யானை பிசுபிசுக்கும்.

மிச்ச மாவை என்ன செய்வது? தொட்டியில் கரைத்து ஊற்றினால் குழாய் அடைக்கும். செடிக்குப் போட்டால் உப்பு வேரைக் கெடுக்கும். பையில் போட்டு இறுக முடிந்து குப்பை வண்டியிலேயே கொடுத்துவிடுங்கள். தெருவில் எறிந்தால் நாய் தின்றுவிடும்.