கோடுகளுக்குள் ஒரு சரித்திரம்

சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்ததும், 1965-இல் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளை விஞ்ஞானிகள் பதிவு செய்ததும், 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டதும் கோலார் தங்கவயலின் சரித்திரத்தில் மறக்கவொண்ணாத நிகழ்ச்சிகளாகும். இவற்றை ஓர் அட்டவணையாக்கி இணையத்தில் வைக்க விரும்பும் தங்கவயல் தமிழர், அலுவலக மென்பொருளில் எழுதி நகலெடுத்து ஒட்டினால், எழுத்துருவும் வண்ணமும் பற்றிய அனாவசியக் குறிகள் விஷயத்தைக் காட்டிலும் பெருத்துப்போவதைக் காண்பார்.

இதற்கு ஒரு சுலபமான உபாயம் உண்டு. ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியில் ஆர்க் மோட் என்றொரு வசதி இருக்கிறது. அது கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியல் விஞ்ஞானி 2003-இல் தொடங்கியது. அதில் அட்டவணையை இப்படித் தட்டெழுதினால் போதும்:

| ஆண்டு | நிகழ்ச்சி |
|---+---|
| 1902 | மின்சாரம் வருகை |
| 1965 | நியூட்ரினோ பதிவு |
| 2001 | சுரங்கம் மூடல் |

தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இராமையால் நிலைக்கோடுகள் திரையில் கோணலாகத் தோன்றலாம். ஆனால் கணினி பார்ப்பது அழகை அல்ல, கோடுகளையே ஆதலால், அதனால் யாதொரு பாதகமும் இல்லை. கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-இ என அழுத்தி, பின் எச் என்னும் விசையை இருமுறை தட்டினால் இணையப் பக்கத்துக்கான எச்.டி.எம்.எல் கோப்பு தயாராகிவிடும். கிடைக்கோட்டுக்கு மேலுள்ள வரி தலைப்பாகவும், கீழுள்ளவை விவரங்களாகவும் முறையாகப் பிரிந்து நிற்கும். பார்வையற்ற வாசகருக்குப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள், '1965' என்பது 'ஆண்டு' என்னும் பத்தியைச் சேர்ந்தது என்று சொல்ல முடிவது இந்தப் பிரிவினாலேதான். மூல உரைக்கோப்பின் தலையில் ஆவண வகை எச்.டி.எம்.எல்5 என்றும், மொழி தமிழ் என்றும் அறிவித்துவிடுவது உத்தமம். முன்னது பழைய அலங்காரப் பண்புகளை அட்டவணையிலிருந்து விலக்கும், பின்னது வாசிக்கும் குரல் தமிழில் ஒலிக்கத் துணைசெய்யும்.

பக்கம் எத்தனை முறை மாறினாலும் மூல உரை நம் கையில் அப்படியே இருக்கும். எந்த நிறுவனத்தின் மென்பொருள் மறைந்தாலும் சாதாரண உரைக்கோப்பைத் திறக்க ஏதேனும் ஒரு கருவி இருந்துகொண்டேயிருக்கும். ஆதலின், தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் வாழும் முதியோர் நினைவில் வைத்திருக்கும் ஆண்டுகளையும் பெயர்களையும், அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, இத்தகைய எளிய கோடுகளுக்குள் எழுதி வையுங்கள்.