விலை பார்க்கத்தானே நம்பர் கொடுத்தோம்?

நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர் பைக் இன்ஷூரன்ஸ் விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இணையதளத்தில் மொபைல் நம்பரைக் கொடுத்தார். வாங்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் விடாமல் அழைப்புகள். ஃபேஸ்புக்கைத் திறந்தால் அதே விளம்பரம்.

விளம்பரம் துரத்தக் காரணம் 'குக்கீ', அதாவது தளங்கள் நம் போனில் போட்டு வைக்கும் அடையாளக் குறிப்பு. பிரவுசர் செட்டிங்கில் அழித்துவிடலாம். அழைப்புக்குக் காரணம், பட்டனுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் சம்மதம். 'தொந்தரவு வேண்டாம்' என்று பதிந்திருந்தாலும் அது வழி திறந்துவிடும்.

மருத்துவக் காப்பீடு என்றால் சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்பார்கள். 2024-ல் சென்னையின் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகள்கூட டெலிகிராமில் கசிந்தன. அதற்காகப் பாலிசி விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள், க்ளெய்ம் போய்விடும். விலை மட்டும் பார்க்கும் இடத்தில் கொட்ட வேண்டாம்.

அழைப்பு தொடர்ந்தால், 'சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று அந்த நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். பிறகும் அழைத்தால் 1909-ல் புகார் செய்யலாம்.