சம்பளப் பதிவேட்டைப் படித்த வக்கீல்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டிரேப்பர் என்றொரு சிற்றூர். அங்கே டியூக் பவர் கம்பெனியின் டான் ரிவர் அனல்மின் நிலையத்தில் 1960களில் 95 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் 14 பேர். நிலையத்தில் ஐந்து பிரிவுகள் இருந்தும் அந்த 14 பேரும் கூலிப் பிரிவில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பிரிவில் ஆக அதிகச் சம்பளம் வாங்கியவர்கூட மற்ற நான்கு பிரிவுகளின் கடைநிலை ஊழியரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். நிறத்தைக் காரணம் காட்டி வேலையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. கறுப்பினத்தவர் கூலிப் பிரிவைத் தாண்டக் கூடாது என்ற வழக்கத்தைக் கம்பெனி கைவிட்டது. ஆனால் கூலிப் பிரிவிலிருந்து மேலே போகப் பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும் என்றது. சட்டம் அமலுக்கு வந்த அதே நாளில், மேல்பிரிவுகளில் புதிதாகச் சேருவோருக்கு இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் சேர்த்துவைத்தது. நிபந்தனைகள் எல்லோருக்கும் பொது. எந்தத் தாளிலும் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டால் சட்டென்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. அதைக் காட்டுவதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்தது.

குடிமை உரிமை வக்கீல் என்றதும் நீதிமன்றம் அதிர வாதாடும் சினிமாக் காட்சிதான் நினைவுக்கு வரும். உண்மையில் அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி முதலாளியின் சம்பளப் பட்டியலோடும் பதவி உயர்வுக் கோப்புகளோடும் கழிகிறது. அது நேரமும் பணமும் தின்னும் வேலை. அதனால்தான், ஓர் உரிமைச் சட்டம் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதை அதன் வாசகங்களைவிட, அதை நம்பி ஒரு வக்கீல் பிழைக்க முடிகிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது என்கிறேன். உரிமையையும் பிழைப்பையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது சிலருக்கு உறுத்தலாம். வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

ஜூலியஸ் சேம்பர்ஸின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். அவர் 1936இல் வட கரோலினாவின் மவுண்ட் கிலியட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மெக்கானிக். லாரியைப் பழுதுபார்க்கக் கொடுத்த வெள்ளைக்கார வாடிக்கையாளர் ஒருவர் பணம் தர மறுத்தபோது, அந்த வட்டாரத்து வெள்ளை வக்கீல்களில் ஒருவர்கூட அப்பாவின் வழக்கை எடுக்கவில்லை. சட்டம் அப்போதும் அவர் பக்கம்தான்; கடனைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்களே, அதை ஏற்றிவைக்க ஆள் இல்லை. மகன் வட கரோலினாப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1962இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். கறுப்பினத்தவருக்காக வழக்காடிவந்த சட்டப் பாதுகாப்பு நிதி அமைப்பில் பயிற்சி பெற்று, 1964இல் ஷார்லட் நகரில் அலுவலகம் திறந்தார். பின்னர் ஆடம் ஸ்டீன் போன்ற வெள்ளையர்களும் சேர, அது அந்த மாநிலத்தில் இரு இனத்தவரும் கூட்டாக நடத்திய முதல் வக்கீல் நிறுவனமாயிற்று. 1965இல் சேம்பர்ஸின் காருக்கும் பிறகு வீட்டுக்கும் குண்டு வைத்தார்கள். 1971 பிப்ரவரியில் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குண்டுகளில் தொடங்குவது வழக்கம். ஆனால் அவருடைய பலம் அந்த அலுவலகத்துக்குள் சேர்ந்துகொண்டிருந்த காகிதங்களில்தான் இருந்தது.

ஏழாம் பகுதியைச் செயல்படுத்தச் சமவாய்ப்பு ஆணையம் ஒன்றை அரசு அமைத்தது. ஆனால் 1972 வரை அந்த ஆணையத்துக்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரமே இல்லை. புகாரை வாங்கலாம், விசாரிக்கலாம், சமரசம் பேசலாம், அவ்வளவுதான். சமரசம் முறிந்தால் தொழிலாளி சொந்தச் செலவில் நீதிமன்றம் போக வேண்டும். கூலிப் பிரிவில் வேலை பார்க்கிறவர் பெரிய மின்கம்பெனியின் வக்கீல்களை எதிர்த்து எத்தனை வாய்தா தாங்குவார்? இங்கேதான் சட்டத்தின் சிறிய உட்பிரிவு ஒன்று கைகொடுத்தது: தொழிலாளி ஜெயித்தால் அவருடைய வக்கீல் கட்டணத்தை முதலாளி தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இனம் பார்த்துச் சாப்பாடு மறுத்த உணவகம் ஒன்றின் மீதான வழக்கில், இதே சட்டத்தின் இன்னொரு பகுதியிலிருந்த இதுபோன்ற விதியை உச்ச நீதிமன்றம் 1968இல் விளக்கியது. ஜெயிப்பவர் தனக்காக மட்டுமின்றி ஊருக்காகவும் வழக்காடுகிறார், ஆகவே கட்டணம் கிடைப்பதே பொதுவிதி என்றது. தோற்ற தொழிலாளியோ, வழக்கில் ஒரு சாரமும் இல்லை என்று ஆனாலொழிய, முதலாளியின் வக்கீல் கட்டணத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்று 1978இல் தீர்ப்பாயிற்று.

டான் ரிவர் ஊழியர்களில் 13 பேர் போட்ட வழக்கு, வில்லி கிரிக்ஸ் என்பவர் பெயரில், 1971இல் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. அங்கே வாதாடியவர் சட்டப் பாதுகாப்பு நிதியின் தலைவர் ஜாக் கிரீன்பெர்க். வழக்கைக் கட்டியவர்களில் சேம்பர்ஸும் ஒருவர். சாட்சியம் எளிமையானது. 1960 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த மாநிலத்து வெள்ளை ஆண்களில் 34 சதவீதம் பேர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். கறுப்பின ஆண்களில் 12 சதவீதம். தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்ணோ, நாட்டில் பள்ளி முடித்தவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேரைக் கழித்துவிடும் உயரத்தில் இருந்தது. எல்லாவற்றையும்விடக் கூர்மையானது கம்பெனியின் சொந்தப் பதிவேடு: நிபந்தனை வருமுன் சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளை ஊழியர்கள் அதே பிரிவுகளில் குறையில்லாமல் வேலை செய்து பதவி உயர்வும் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் சான்றிதழ் எதற்கு? வழக்கில் பங்கெடுத்த எட்டு நீதிபதிகளும் ஒருமித்துத் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பில் நரியும் கொக்கும் கதையை இழுத்தார். பாலைக் கொடுத்தால் மட்டும் போதாது, குடிக்கத்தக்க பாத்திரத்திலும் கொடுக்க வேண்டும். 50 ஆண்டு கழித்து, 2021இல், பெண் ராணுவ அதிகாரிகளின் நிரந்தரப் பணி தொடர்பான நிதிஷா வழக்கில், பார்வைக்குப் பொதுவான உடல்தகுதி விதி பெண்களை எப்படி ஒதுக்கியது என்பதை விளக்க இந்திய உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துப் பேசியது.

தகுதி பார்த்து ஆள் எடுப்பது முதலாளியின் உரிமை, அதில் நீதிமன்றம் தலையிடலாமா என்ற எதிர்வாதம் லேசானதல்ல. டியூக் பவருக்குக் கெட்ட எண்ணமும் நிரூபிக்கப்படவில்லை. படிப்பு குறைந்த ஊழியர்கள் பள்ளியை முடிக்க ஆகும் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது ஏற்க முன்வந்திருந்தது. நீதிமன்றம் தேர்வுகளைத் தடை செய்யவில்லை. வேலைக்கும் தேர்வுக்கும் உள்ள உறவைக் காட்டு என்றுதான் கேட்டது. தகுதியை உண்மையிலேயே மதிக்கிற முதலாளிக்கு அது கடினமான கேள்வியா? 1975இல் சேம்பர்ஸே நின்று வாதாடிய அல்பமார்ல் காகித ஆலை வழக்கு இதற்கு விடை சொல்கிறது. விசாரணை நெருங்கிய நேரத்தில் அந்த ஆலை ஒரு தொழில்சார் உளவியலாளரை அமர்த்தியது. அவர் ஆலையில் அரை நாள் செலவிட்டு, தேர்வு சரியானதே என்று காட்ட ஓர் ஆய்வை வகுத்தார். ஆண்டுக்கணக்கில் ஆட்களைக் கழித்துவந்த தேர்வுக்குப் பின்னால் இருந்த அறிவியல் அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் ஆய்வை ஏற்கவில்லை. பாகுபாடு நிரூபணமானால் நிலுவைச் சம்பளம் தருவதே வழக்கமான பரிகாரம் என்றும் சொன்னது.

கட்டணத்துக்காக வக்கீல்கள் வழக்கை உற்பத்தி செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு எண்களே பதில். 1991ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டப்படி, நிலுவைச் சம்பளம் நீங்கலாக, ஏழாம் பகுதியின் கீழ் ஒருவர் பெறக்கூடிய நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு: 500 பேருக்கு மேல் வைத்திருக்கும் பெருநிறுவனமானாலும் 3 லட்சம் டாலர். விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த எண் இன்றுவரை ஏறவில்லை. விரைவில் பணக்காரராக விரும்புகிறவர் தேடிவரும் துறை இதுவல்ல. ஆனால் கட்டணத்தை நம்பும் முறைக்கு வேறொரு கோளாறு உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேலையே கிடைக்காதவருக்குத் தன்னோடு விண்ணப்பித்தவர் யார், எடுக்கப்பட்டவர் யார் என்று தெரியாது. வேலையிழந்த அதிகாரியிடமோ கடிதமும் உண்டு, சாட்சியும் உண்டு, இழந்த சம்பளமும் கணிசம். வக்கீல் இரண்டாமவரைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல வேலை மறுப்பு வழக்குகளைவிடப் பணிநீக்க வழக்குகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். பலரைச் சேர்த்து ஒரே வழக்காக நடத்தினால் இதைச் சமாளிக்கலாம். 2011இல் வால்மார்ட்டின் சுமார் 15 லட்சம் பெண் ஊழியர்களை ஒரே வழக்கில் சேர்க்க முடியாது என்று தீர்ப்பான பிறகு அந்த வழியும் குறுகிவிட்டது.

சேம்பர்ஸ் 1984இலிருந்து 1993 வரை சட்டப் பாதுகாப்பு நிதிக்குத் தலைமை தாங்கி, பிறகு தான் படித்த வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகி, 2013இல் காலமானார். விதியின் நோக்கத்தை விட்டு விளைவைப் பார்த்து எடைபோடும் கிரிக்ஸ் கோட்பாட்டை அமலாக்குவதற்கு இனி முன்னுரிமை தர வேண்டாம் என்று 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் அரசுத் துறைகளுக்கு உத்தரவிட்டார். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் கோட்பாடு எழுதப்பட்டிருப்பதால் அது இன்னும் செத்துவிடவில்லை. தொழிலாளி தானே வழக்குத் தொடுக்கலாம். வட கரோலினாவில் தனியார் நிறுவன ஊழியர் ஆணையத்திடம் புகார் கொடுக்க 180 நாள் அவகாசம். ஆணையம் கைவிரித்துக் கடிதம் அனுப்பினால் நீதிமன்றம் போக 90 நாள். அந்த 90 நாளுக்குள் அவர் ஒரு வக்கீலைப் பிடிக்க வேண்டும்.